ஆகாய விமானத்தின் கடனுக்கு நம் நிலம் ஈடா?

விவசாயப் பத்திரிகையில் விமானத்தைப் பற்றி எதற்குப் பாடம் என்று சிலர் நினைக்கலாம். கழனியில் நிற்கிறவனுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? தலைக்கு மேலே சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆனால் ஒன்றிரண்டு வருஷமாக நம் வட்டாரக் கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. "கார்பன் கிரெடிட்னு சொல்லி ஆளுங்க வர்றாங்க சார். மரம் நட்டா காசுங்கிறாங்க, நெல்லுல தண்ணிய வடிச்சா காசுங்கிறாங்க. இந்தக் காசை யாரு குடுக்கிறா? எதுக்குக் குடுக்கிறா?"

முப்பத்தி நாலு வருஷம் வங்கியில் கடன் பிரிவிலும் ஆய்வுப் பிரிவிலும் இருந்தவன் நான். காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காசு வந்த வழியில் பின்னோக்கி நடந்தால் பல வாசல்கள் தென்படும். மின் நிலையம், சிமெண்ட் ஆலை, மென்பொருள் கம்பெனி என்று வரிசையாக இருக்கும். அதில் ஒரு பெரிய வாசல் விமான நிறுவனங்களுடையது. அந்த ஒரு வாசலுக்குள் மட்டும் இந்த மாதம் போய்ப் பார்ப்போம். மற்றவற்றை வேறொரு சமயம் பார்க்கலாம்.

முதலில் எரிபொருள். விமானத்தில் ஊற்றுவது, ஒரு காலத்தில் ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கினோமே, அந்த மண்ணெண்ணெயின் வகைதான். இன்னும் சுத்தம் செய்தது, கடுங்குளிரிலும் உறையாதது, அவ்வளவுதான் வித்தியாசம். இதில் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளிவரும். கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு அண்ணன் எழுந்துவிட்டார். "ஒரு கிலோவ எரிச்சா மூணு கிலோ எப்படி சார் வரும்? மிச்சம் ரெண்டு கிலோ எங்கேர்ந்து வந்துச்சு?" நியாயமான கேள்வி. மண்ணெண்ணெயில் நூற்றுக்கு 86 பங்கு கரி இருக்கிறது. எரியும்போது ஒவ்வொரு 12 பங்கு கரியும் காற்றில் உள்ள ஆக்சிஜனில் 32 பங்கைப் பிடித்துக்கொள்கிறது. ஆக 12 என்பது 44 ஆகிவிடுகிறது. கூடுதல் எடை முழுக்க காற்றிலிருந்து எடுத்தது. நம் கழனியில் பயிர் இதையே தலைகீழாகச் செய்கிறது. கரியை வைத்துக்கொண்டு ஆக்சிஜனை விட்டுவிடுகிறது.

இனி ஒரு பயணத்தின் கணக்கு. சென்னையிலிருந்து டெல்லி ஆகாய வழியில் சுமார் 1,760 கிலோமீட்டர். 180 இருக்கை கொண்ட புதிய ரக விமானம் இந்தத் தூரத்துக்கு ஆறு டன்னுக்கு மேல் எரிபொருள் குடிக்கும். இருக்கைகள் பெரும்பாலும் நிரம்பியிருந்தால் ஒருவர் பங்கு சுமார் 40 கிலோ. அதிலிருந்து வரும் கரியமில வாயு 125 கிலோ. போய்வர 250 கிலோ. ஒரு லிட்டர் டீசல் எரித்தால் 2.7 கிலோ வரும் என்பதால், இது 90 லிட்டர் டீசலுக்குச் சமம். மணிக்கு நாலரை லிட்டர் குடிக்கிற டிராக்டரை இருபது மணி நேரம் ஓட்டலாம். என் மூன்றரை ஏக்கருக்கு ஒரு வருஷத்துப் புழுதி உழவு, சேற்றுழவு எல்லாம் சேர்ந்தே இதற்குள் முடிந்துவிடும்.

டெல்லிக்கே இப்படியென்றால் அமெரிக்கா? இன்று நம் பக்கத்துச் சின்ன ஊர்களிலிருந்து கூட அப்பா அம்மாக்கள் பேரப்பிள்ளை பிறந்தால் கிளம்பிப் போகிறார்கள். சென்னையிலிருந்து துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ போக ஒருவழித் தூரமே சுமார் 16,000 கிலோமீட்டர். போய்வர ஒருவர் பங்கு இரண்டு டன்னுக்கு மேல் ஆகிறது. இந்தியர் ஒருவர் வருஷம் முழுவதும் கரண்ட், பெட்ரோல், டீசல், சிமெண்ட் எல்லாம் சேர்த்து தலைக்குச் சராசரியாக வெளியிடுவதே சுமார் 2 டன்தான். ஒரு வருஷக் கணக்கை இரண்டு நாள் பறப்பதில் முடித்துவிடுகிறோம்.

இதுவும் சாதா வகுப்பு இருக்கைக்கான கணக்கு. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகிற பிசினஸ் வகுப்பு இருக்கைக்கு, நெடுந்தூரப் பயணத்தில், பிரிட்டன் அரசின் கணக்குமுறை ஏறத்தாழ மூன்று மடங்கு போடுகிறது. முதல் வகுப்பென்றால் நான்கு மடங்கு. பஸ்ஸில் காய்கறி மூட்டைக்கு இடத்தைப் பார்த்து லக்கேஜ் போடுகிறார்களே, அதே நியாயம்தான்.

வெள்ளைக் கோடு

கணக்கில் பெரும்பாலும் எழுதாமல் விடப்படுகிற ஒரு பற்று இருக்கிறது. அது நம் கண்ணுக்கே தெரிகிற பற்று. விடியற்காலையில் மடை திறக்கப் போகும்போது வானத்தில் விமானம் இழுத்துவிட்டுப் போன வெள்ளைக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். சில நாள் அது சட்டென்று மறைந்துவிடும். சில நாள் மறையாமல், பஞ்சைப் பிய்த்த மாதிரி அகலமாகி, மணிக்கணக்கில் கீற்று மேகமாக நிற்கும்.

வாட்ஸ்ஆப்பில் இதைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. விமானம் மேலே மருந்து தெளித்து மழையைக் கலைக்கிறது என்று. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. மார்கழிக் காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறதே, அதுதான் இது. எரிபொருள் எரியும்போது நீராவியும் வருகிறது, நுண்ணிய கரித்தூளும் வருகிறது. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. நீராவி அந்தக் கரித்தூளைப் பிடித்துக்கொண்டு பனித்துகளாக உறைந்துவிடுகிறது. காற்று வறண்டிருந்தால் கோடு கரைந்துவிடும். காற்றில் ஏற்கெனவே ஈரம் தளும்பிக்கொண்டிருந்தால் கோடு வளர்ந்து மேகமாகிவிடும்.

மேகமானால் என்ன கெட்டுப்போச்சு? இதற்குப் பதில் படித்தவரைவிட நமக்குத்தான் சீக்கிரம் புரியும். தை மாசம் வானம் தெளிவாக இருந்தால் பனி கொட்டும். ராத்திரி மேகம் மூடிக்கொண்டால் பனி இறங்காது, புழுக்கமாக இருக்கும். பூமி ராத்திரியில் வெளியே விடுகிற சூட்டை மேகம் போர்வை மாதிரி பிடித்து வைத்துக்கொள்கிறது. விமானம் உண்டாக்கும் கீற்று மேகமும் அதையேதான் செய்கிறது. பகலில் கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் கெடுதல் பாதி ஈடாகிறது. ராத்திரியில் அந்த வரவும் இல்லை, பற்று மட்டும்தான். அதனால் நள்ளிரவு விமானங்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் இந்த வகைச் சூட்டில் அவற்றின் பங்கு பெரிது.

மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் லீயும் பல நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதை எடைபோட்டது. விமானங்கள் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றுதான். மிச்சம் இரண்டு பங்கு இந்த வெள்ளைக் கோடுகளாலும் நைட்ரஜன் ஆக்சைடு போன்றவற்றாலும் வருகிறது. வெள்ளைக் கோட்டின் அளவு கூடக்குறைய இருக்கலாம் என்று அவர்களே வரம்பும் போட்டிருக்கிறார்கள். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் விமானத்தின் பங்கு சுமார் இரண்டரை சதவீதம் என்று விமானத் துறையினர் அடிக்கடி சொல்வார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் மனிதர் உண்டாக்கிய வெப்பமாதலில் அது 3.5 சதவீதம் என்று இந்த ஆய்வு சொல்கிறது. வங்கியில் ஒருவர் மூன்றில் ஒரு பங்குக் கடனை மட்டும் காட்டி ஐந்தொகை கொடுத்தால் நாங்கள் அந்த ஃபைலைத் திருப்பி அனுப்புவோம்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. எல்லா விமானமும் இந்தக் கேட்டைச் செய்வதில்லை. ஜப்பான் வான்வெளியில் நடந்த ஓர் ஆய்வில், நூற்றுக்கு இரண்டு விமானங்களே வெள்ளைக் கோட்டுச் சூட்டில் 80 சதவீதத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. ஈரக்காற்று அடுக்கு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து ஓரிரு ஆயிரம் அடி மேலேயோ கீழேயோ பறந்தால் போதும். 2023-இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 விமானங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். கோடு 54 சதவீதம் குறைந்தது. எரிபொருள் கொஞ்சம் கூடும், அவ்வளவே. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் இந்தக் கணக்கையும் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறது. என்னைக் கேட்டால், விமானத் துறை இப்போதே செய்யக்கூடிய உருப்படியான காரியம் இதுதான். விளம்பரத்தில் மரக்கன்று படம் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

யார் பேரில் பற்று?

உலகமே பறந்துகொண்டிருக்கிறது என்று ஒரு தோற்றம். ஸ்டெஃபான் கோஸ்லிங், ஆண்ட்ரியாஸ் ஹம்பே என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ஆம் வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அந்த வருஷம் விமானத்தில் ஏறியவர்கள் உலக மக்களில் 11 சதவீதம்தான். நாடு விட்டு நாடு பறந்தவர்கள் அதிகபட்சம் 4 சதவீதம். பயணிகள் விமானங்கள் வெளியிட்ட கரியமில வாயுவில் பாதிக்கு, உலக மக்களில் ஒரு சதவீதம் பேரே காரணம். நம் நாட்டில் 2024-இல் உள்நாட்டு விமானப் பயணங்கள் 16 கோடியைத் தாண்டின. இது 16 கோடி ஆட்கள் இல்லை, 16 கோடி டிக்கெட். வாரம் இருமுறை போகிறவர் நூறு தடவை எண்ணப்பட்டிருப்பார்.

இந்தப் பற்றை எந்த நாட்டின் பேரேட்டில் எழுதுவது என்பதிலும் ஒரு நழுவல் இருக்கிறது. 1997-இல் கியோட்டோவில் நாடுகள் உடன்படிக்கை செய்தபோது, நாடு விட்டு நாடு போகும் விமானங்களின் உமிழ்வை எந்த நாட்டுக் கணக்கிலும் சேர்க்காமல், ஐ.நா.வின் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டார்கள். வரியிலும் இதே கதை. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தம், ஒரு நாட்டில் வந்து இறங்கும் அயல்நாட்டு விமானத்தின் தொட்டியில் இருக்கும் எரிபொருளுக்கு வரி போடக்கூடாது என்கிறது. பின்னால் நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள் இந்தச் சலுகையை இன்னும் அகலமாக்கின. ஆகவே பன்னாட்டு விமானத்தில் ஊற்றும் எரிபொருளுக்கு உலகில் பெரும்பாலும் வரி கிடையாது. சேற்றுழவுக்கு நாம் கேனில் வாங்கிவருகிற டீசலுக்கு மத்திய வரியும் உண்டு, மாநில வரியும் உண்டு.

"விமானமெல்லாம் இப்ப ரொம்ப சிக்கனமா வந்துடுச்சே சார்" என்று ஒரு தம்பி சொன்னார். உண்மைதான். ஓர் ஆளை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஆகும் எரிபொருள் 1990-ஐ ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. ஆனால் அதே காலத்தில் மொத்த உமிழ்வு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் வந்தபோது என்ன நடந்தது? ஏக்கருக்குத் தண்ணீர் மிச்சமானது வாஸ்தவம். மிச்சமான தண்ணீரை வைத்து இன்னும் இரண்டு ஏக்கர் கரும்பு போட்டோம், போர் இன்னும் நூறடி கீழே போனது. விமானத்திலும் அதுவே. சிக்கனமானதால் டிக்கெட் மலிவானது, மலிவானதால் கூட்டம் கூடியது. 2023 என்ற ஒரே வருஷத்தில் நம் நாட்டின் இரண்டு விமான நிறுவனங்கள் சேர்ந்து 970 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. 2014-இல் 74 ஆக இருந்த விமான நிலையங்கள் பத்தே வருஷத்தில் 150-ஐத் தாண்டிவிட்டன.

அதற்காகப் பேத்தியைப் பார்க்கப் போகிற பாட்டியிடம் நான் போய்க் கணக்குக் கேட்க மாட்டேன். இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை போகிறவர் ஒரே தடவை போய் நாலு மாசம் இருந்துவிட்டு வரலாம், பாதி மிச்சம். சென்னை – மதுரை, சென்னை – கோவை மாதிரித் தூரங்களுக்கு ரயில் இருக்கும்போது விமானம் தேவையே இல்லை. குறுகிய தூரத்தில் மேலே ஏறுவதற்கே எரிபொருள் அதிகம் போய்விடும். பிரான்ஸ் நாடு 2023-இல், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகமுடிகிற சில வழித்தடங்களில் உள்நாட்டு விமானத்தைத் தடை செய்தது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து மூன்று ஊர்கள்தான் அதில் சிக்கின. சின்னக் காரியம்தான் என்றாலும் சட்டம் போட்டுச் செய்தார்கள்.

மரத்தை வைத்துக் கடனை அடைப்பது

இப்போது நம் வாசலுக்கு வருவோம். நாடு விட்டு நாடு பறக்கும் விமானங்களுக்காக 2016-இல் கோர்சியா என்ற திட்டம் ஏற்கப்பட்டது. அதன்படி, 2019-இல் வெளியிட்டதில் 85 சதவீதம் என்ற கோட்டுக்கு மேலே வளர்கிற உமிழ்வுக்கு மட்டும், விமான நிறுவனங்கள் கார்பன் கிரெடிட் வாங்கிக் கணக்கைச் சமன் செய்யவேண்டும். கோட்டுக்குக் கீழே உள்ளதற்கு ஒன்றும் வேண்டாம். 2027-லிருந்து இது இந்தியா உட்பட பெரும்பாலான நாடுகளுக்குக் கட்டாயம். இதைத் தவிர, டிக்கெட் எடுக்கும்போது "கூடுதலாக இவ்வளவு கொடுத்தால் உங்கள் பயணத்தின் கரியை ஈடுகட்டுகிறோம்" என்று பயணியிடமே வாங்குகிற வழக்கமும் உண்டு. கிரெடிட் என்பது எங்கேயோ ஒருவர் ஒரு டன் வெளியிடாமல் தவிர்த்ததற்கோ, மரத்தில் சேர்த்து வைத்ததற்கோ தரும் சான்று. அந்த "எங்கேயோ ஒருவர்" பெரும்பாலும் ஏழை நாட்டு உழவரோ காட்டுவாசியோதான்.

நெல்லை எடுத்துக்கொள்வோம். எந்நேரமும் தண்ணீர் நிற்கும் கழனியில் மீத்தேன் உண்டாகிறது. அதில் பொய் இல்லை. ஐ.நா.வின் காலநிலைக் குழு நம் தெற்காசியாவுக்குக் கொடுத்திருக்கும் அளவு, ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ. 115 நாள் பயிருக்கு ஏக்கர் கணக்கில் மாற்றினால் சுமார் 40 கிலோ மீத்தேன் வரும். கரியமில வாயுவுக்குச் சமமாக்கினால் 1.1 டன். அந்த ஏக்கரில் இரண்டு டன் நெல் எடுத்தால் 1.3 டன் அரிசி, பத்துப் பேருக்கு ஒரு வருஷச் சோறு. ஒருவர் ஒருதடவை அமெரிக்கா போய்வருவதும், இருபது பேருக்கு வருஷச் சோறு போடும் இரண்டு ஏக்கர் நெல்லும் காற்றுக்கு ஏற்றும் சுமை ஒன்று. இதில் முதலில் குறைக்க வேண்டியது யார் என்று கேட்டால், கூட்டத்தில் ஒரே குரலில் பதில் வந்தது.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் இந்த மீத்தேன் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஏக்கருக்கு ஒரு போகத்தில் அரை டன். ஒற்றை நாற்று நடுகிறவர்கள் இதைப் பல வருஷமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தண்ணீர் மிச்சம், வேர் ஓட்டம் நன்று, தூர் அதிகம் என்பதற்காகச் செய்தார்கள். நம் ஆதாயத்துக்கு அதைச் செய்வோம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. சிக்கல் அதை விற்பதில் இருக்கிறது. ஓர் ஆள் அமெரிக்கா போய்வந்ததைச் சமன் செய்ய நாலைந்து ஏக்கர் உழவர்களின் ஒரு போக மெனக்கெடல் வேண்டும். அப்படிச் சமன் செய்தபின் மொத்தத்தில் குறைந்தது என்ன? ஒன்றுமில்லை. நாம் குறைத்ததை அவர் எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்.

இன்னொரு பொருந்தாமையை வங்கிக்காரன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். மீத்தேன் காற்றில் பன்னிரண்டு வருஷம் போல இருந்து சிதைந்துவிடும். அது பயிர்க்கடன் மாதிரி, வாங்குவோம், அடையும், திரும்ப வாங்குவோம். கரியமில வாயு அப்படியில்லை. இன்று விமானம் விட்டதில் ஒரு பெரும் பங்கு பல நூறு வருஷம் காற்றிலேயே கிடக்கும். தலைமுறைகள் தாண்டும் கடனுக்கு, இருபது வருஷத்தில் வெட்டவேண்டிய மரத்தை ஈடாக எழுதி வாங்குகிறார்கள். மரம் தீப்பிடிக்கும், நோய் வரும், புயலில் சாயும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் லட்சக்கணக்கான தென்னை ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அந்தத் தென்னைகளை நம்பி யாராவது பறந்திருந்தால், ஈடு போய்விட்டது, கடன் மட்டும் ஆகாயத்தில் நிற்கிறது.

ஆகவே ஒப்பந்தத்தை நீட்டினால் சில விஷயங்களைக் கேளுங்கள். எத்தனை வருஷம்? முப்பது, நாற்பது வருஷம் என்றால் அது உங்கள் பிள்ளையின் நிலத்தையும் கட்டுகிறது. கல்யாணச் செலவுக்கு நாலு தேக்கை வெட்டலாமா? மரம் புயலில் போனால் வாங்கிய காசைத் திருப்பித் தரவேண்டுமா? குத்தகை நிலமென்றால் காசு பட்டாதாரருக்கா, உழுகிறவருக்கா? சான்று வழங்குகிறவர், அளக்கிறவர், இடையில் நிற்கிற கம்பெனி எல்லோரும் எடுத்ததுபோக நம் கைக்கு நூற்றுக்கு எவ்வளவு? கிரெடிட்டை யாருக்கு விற்கிறீர்கள் என்றும் கேளுங்கள். எழுத்து தமிழில் இல்லாவிட்டால் கையெழுத்து வேண்டாம். ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டு வாசலில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டப்பட்ட எத்தனையோ நல்ல மனிதர்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன்.

பயிரிலிருந்து விமான எரிபொருள்

எரிபொருளையே பசுமையாக்கிவிட்டால்? இதுவும் நம் நிலத்தில்தான் வந்து நிற்கிறது. 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானம், எரிபொருளில் 25 சதவீதம் காட்டாமணக்கு எண்ணெய் கலந்து பறந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. காட்டாமணக்கு என்றதும் நம்மில் வயதானவர்களுக்குப் பழைய ஞாபகம் வரும். 2000-களின் நடுவில் தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், வீட்டு வாசலில் வந்து வாங்கிக்கொள்வோம் என்று சொல்லிக் கன்று விற்றார்கள். அப்போது நான் இருந்த கிளையில் அதற்குக் கடன் வாங்கியவர்கள் இருந்தார்கள். மூன்றாம் வருஷம் வசூலுக்குப் போனால் செடியைப் பிடுங்கி வேலியோரம் போட்டிருந்தார்கள். தண்ணீர் பாய்ச்சாமல் காய்க்கவில்லை, காய்த்ததை வாங்க ஆள் வரவில்லை.

இப்போது பேச்சு எத்தனாலில் இருக்கிறது. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளில் 2027-இல் ஒரு சதவீதம், 2030-இல் ஐந்து சதவீதம் மாற்று எரிபொருள் கலக்க நம் அரசு இலக்கு வைத்திருக்கிறது. பழைய சமையல் எண்ணெயில் செய்தால் நல்லதுதான், ஆனால் நாட்டில் எவ்வளவு போண்டா சுட்டாலும் அந்த எண்ணெய் போதாது. கரும்பு, மக்காச்சோளம் என்று கை நீளும். ஏக்கருக்கு 40 டன் கரும்பு, டன்னுக்கு 70 லிட்டர் எத்தனால் என்று வைத்தால் 2,800 லிட்டர். எத்தனாலை விமான எரிபொருளாக மாற்றும்போது எடை இன்னும் குறைந்துவிடும். கையில் நிற்பது 1.3 டன். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு பெரிய விமானம் ஒருவழிக்குக் குடிப்பது 100 டன்னுக்கு மேல். அதாவது 77 ஏக்கர் கரும்பின் ஒரு வருஷ விளைச்சல், தண்ணீர், உரம், வெட்டுக்கூலி எல்லாம் பதினாறு மணி நேரத்தில் எரிந்துவிடும். பெட்ரோலில் கலக்க மக்காச்சோளம் திரும்பியதற்கே 2024-இல் இந்தியா மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யவேண்டி வந்தது. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களைக் கேட்டால் தீவன விலையை வைத்தே மிச்சத்தைச் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பயிரிலிருந்து செய்ததைத் தன் விமான எரிபொருள் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கேயும் அந்த விதியைக் கேட்டு வாங்கவேண்டும்.

கடைசியாக ஓடுதளம். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் என்று 2022-இல் அறிவித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம். திட்டத்துக்குத் தேவை சுமார் 5,700 ஏக்கர். அதில் நெல் விளையும் கழனியும் உண்டு, ஏரியும் குளமும் உண்டு. பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாகக் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் அந்த வழியாகத்தான் போகிறது. வருஷத்துக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும் நிலையம் என்று திட்டம். ஏகனாபுரத்து மக்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஆயிரம் நாளுக்கு மேல் போராட்டம் நடத்தியிருக்கிறார்கள். கிராம சபையில் வேண்டாம் என்று திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் போனால் அறுப்பு நேரத்தில் போய்ப் பாருங்கள். இழப்பீடு பேசும்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலத்துக்கு விலை போடுவார்கள். ஏரிக்கு விலை போடும் பத்தியை நான் எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் பார்த்ததில்லை. மேலேயுள்ள ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் கீழேயுள்ள ஏரிக்குத் தண்ணீர். மேல் ஏரியை மண்போட்டு மூடினால், நிலத்தை ஒரு சென்ட் கூடக் கொடுக்காத கீழ் ஊர்க்காரருக்கும் மதகில் தண்ணீர் வராது. அவர் பெயர் இழப்பீட்டுப் பட்டியலில் இருக்காது.